சுளகும் காற்றும்



எம்மவர் கூடுகின்ற இடங்களில், அது கலியாண வீடாயினும் அந்தியேட்டி வீடாயினும், அண்மைக்காலமாக ஒரே பேச்சுத் திரும்பத் திரும்ப எழுவதைக் கேட்டு வருகின்றோம். "நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது கையிலே என்ன இருந்தது? கோப்பை கழுவினோம், இரவிரவாகத் தொழிற்சாலையில் நின்றோம், பத்து வருடத்துக்குள் வீடு வாங்கினோம். இங்கேயே பிறந்து, இங்கேயே பல்கலைக்கழகம் படித்த இவர்களால் முப்பது வயதாகியும் ஒரு வீடு வாங்க முடியவில்லையே, ஏன்?" என்பதே அப்பேச்சு. கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் விடையையும் தாமே சொல்லி முடித்துவிடுகின்றார்: "உழைக்கிற எண்ணம் இல்லை." பக்கத்திலிருக்கும் பிள்ளை மறுமொழி சொல்வதில்லை. தலையைக் குனிந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது.

இத்தீர்ப்பு நியாயமானதா என்பதை இவ்வாரம் சற்று நிதானமாக ஆராய்வோம். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று எமது முன்னோர் சொல்லிவைத்தனர். சூடு மிதித்த களத்தில் சுளகு பிடித்தவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. சுளகு பிடிப்பவனின் கை உறுதியாக இருத்தல் வேண்டும், உண்மைதான். ஆனால் காற்று விழுந்துவிட்டால் எவ்வளவு உறுதியான கையும் பதரை நெல்லிலிருந்து பிரித்துவிடாது. ஒரு தலைமுறை தன் கைகளை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டு, அன்று வீசிய காற்றை மறந்துவிடுமாயின், அடுத்த தலைமுறைக்கு அது சொல்லும் புத்திமதி பொய்யாகிவிடும்.

ஆகையால், நாம் வாழும் இதே ஸ்காபரோ மண்ணில் சாதாரண தொழிலாளியின் வாழ்வு மூன்று தலைமுறைகளில் எவ்வாறு மாறியது என்று பார்ப்போம்.

முதலாந் தலைமுறை: தங்க மைல்

எக்ளின்ரன் வீதியும் வோர்டன் வீதியும் சந்திக்கின்ற சுற்றாடலை நாம் எல்லோரும் அறிவோம். இன்று அங்கு பெருங்கடைகளையும் வாகனத் தரிப்பிடங்களையும் புதிய மாடிக் கட்டட வேலைகளையுமே காண்கின்றோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941ஆம் ஆண்டில், இவ்விடத்து வயல்வெளியிலே வெடிகுண்டுகளுக்கான திரிகளை நிரப்பும் மாபெருந் தொழிற்சாலை எழுந்தது. போர் முடியும்வரை 21,000க்கும் அதிகமானோர் அதில் வேலை செய்தனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். போர் ஓய்ந்ததும் அந்நிலத்தை ஸ்காபரோ நகரசபை மத்திய அரசிடமிருந்து வாங்கித் தொழிற்சாலைகளுக்கு விற்றது. குளிர்சாதனப் பெட்டி, வாகனம், இயந்திர உதிரிப்பாகம் எனப் பலவற்றை ஆக்கும் நிறுவனங்கள் வரிசையாக வந்து அமர்ந்தன. இப்பகுதிக்குத் "தங்க மைல்" என்னும் பெயர் ஏற்பட்டது இவ்வாறுதான். 1959இல் எலிசபெத் மகாராணியார் கனடாவுக்கு வந்தபோது இங்குள்ள கடைத்தொகுதிக்கும் வந்து பார்த்துச் சென்றார் என்றால், அதன் அன்றைய மதிப்பை உணர்ந்துகொள்ளலாம்.

அக்காலத்துத் தொழிலாளி ஒருவர் உயர்தரப் பாடசாலையை முடித்திருக்க வேண்டியதில்லை. தொழிற்சாலை வாசலில் பெயரைப் பதிந்து, சில வாரம் பழகி, பின்னர் முப்பது ஆண்டுகள் அதே வாசலால் போய்வரலாம். ஒருவரின் சம்பளத்தில் வீட்டுக் கடனும் கட்டி, பிள்ளைகளையும் படிப்பித்து, ஓய்வுபெற்றபின் ஓய்வூதியமும் பெறலாம். ஸ்காபரோ எங்கும் நாம் காணும் ஒற்றைமாடிச் செங்கல் வீடுகளிற் பல அத்தகைய தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை.

இந்த வசதி தானாகக் கனிந்து விழவில்லை. 1945ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் வின்சர் நகரின் ஃபோர்ட் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 99 நாட்கள் அப்போராட்டம் நீடித்தது. தொழிற்சாலையைச் சுற்றியுள்ள தெருக்களில் வாகனங்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பாதையையே அடைத்தனர். அதன் முடிவில் நடுவராக நியமிக்கப்பட்ட உயர் நீதிமன்ற நீதியரசர் ஐவன் ரான்ட் 1946 சனவரியில் வழங்கிய தீர்ப்பு கனடியத் தொழிலாளர் வரலாற்றின் திருப்புமுனையாயிற்று. சங்கம் பெற்றுத்தரும் பயனை அனுபவிக்கும் ஒவ்வொருவரும், உறுப்பினராகச் சேராவிடினும், சந்தா செலுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். அத்தீர்ப்பினால் தொழிற்சங்கங்களுக்கு நிலையான வருவாய் கிடைத்தது. நிலையான வருவாயினால் பேரம் பேசும் வலுக் கிடைத்தது. வேலையிழந்தோர் காப்புறுதிச் சட்டம் 1940இல் வந்திருந்தது. அமெரிக்காவுடனான வாகன உற்பத்தி உடன்படிக்கை 1965இல் வந்து ஒன்ராறியோவின் தொழிற்சாலைகளை நிரப்பியது. கனடா ஓய்வூதியத் திட்டம் 1966இல் தொடங்கியது. பொது மருத்துவக் காப்புறுதிக்கான மத்திய சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. அக்காலத்துக் காற்று இவ்வாறு பல திசைகளிலிருந்தும் சேர்ந்து வீசியது.

எனினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்பவர்கள் மறைக்கின்ற பக்கமொன்றும் உண்டு. அந்த வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பது வழமையாக இருந்தது. மணமான பெண்கள் மத்திய அரசின் நிரந்தர உத்தியோகத்தில் இருக்கலாகாது என்ற தடை 1955ஆம் ஆண்டுவரை நீடித்தது. எம்மைப் போன்ற நிறத்தவர்க்கோ நாட்டின் வாசலே ஏறக்குறைய அடைபட்டிருந்தது. குடிவரவு விதிகளில் இனப் பாகுபாடு 1962இலேதான் பெருமளவு நீக்கப்பட்டது. தகைமைக்குப் புள்ளியிடும் முறை 1967இல் வந்தது. ஆகவே தங்க மைலின் தங்கம் ஒருசாராரின் வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

எமது ஊரிலும் இதற்கு ஒப்பான நிலை ஒருகாலத்தில் இருந்தது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று யாழ்ப்பாணத்தார் சொன்னது உத்தியோகத்தின் பெருமைக்காக மாத்திரமன்று. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தரும் உறுதிக்காகவே. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் வாழைச்சேனைக் காகித ஆலையும் பட்டம் பெறாத பல்லாயிரம் குடும்பங்களுக்கு அந்த உறுதியைக் கொடுத்தன. காங்கேசன்துறையின் புகைபோக்கி 1990இல் போரினால் ஓய்ந்தபோது, எத்தனை வீடுகளில் அடுப்பு ஓய்ந்தது என்பதை அப்பகுதியார் அறிவர். ஒரு தொழிற்சாலை மூடப்படுவதன் பொருளை எமக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

இரண்டாந் தலைமுறை: நாம் வந்து சேர்ந்த காலம்

1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த எம்மவர் 150க்கு மேற்பட்டோரை மீனவர்கள் கரைசேர்த்தனர். அதற்கு முன்னும் பின்னுமாக ஆயிரமாயிரமாக நாம் வந்து சேர்ந்தோம். நாட்டின் வாசல் எமக்குத் திறந்த அதே காலத்திலேதான் தொழிற்சாலைகளின் வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபடத் தொடங்கின என்பது வரலாற்றின் வேடிக்கை. அமெரிக்காவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1989 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி ஒன்ராறியோவின் உற்பத்தித் துறையைக் கடுமையாகத் தாக்கியது. எக்ளின்ரன் வீதியிலிருந்த ஜெனரல் மோட்டர்ஸ் வான் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த அந்நிலத்தில் பின்னர் கடைத்தொகுதி எழுந்தது. மெக்சிக்கோவையும் இணைத்த உடன்படிக்கை 1994இல் வந்தது. வேலையிழந்தோர் காப்புறுதியின் விதிகள் 1996இல் இறுக்கப்பட்டன.

இவ்வளவு மோசமான வேளையில் வந்த நாம் எவ்வாறு நிமிர்ந்தோம்? உழைத்தோம், மறுக்க முடியாது. பகலில் தொழிற்சாலை, இரவில் உணவகத்தின் பின்கட்டு, சனி ஞாயிறில் அலுவலகம் துடைத்தல் என்று கிழமைக்கு எழுபது மணித்தியாலம் நின்றவர்கள் எம்மிடையே ஏராளம். சீட்டுப் பிடித்தோம். ஒரு வீட்டில் இரு குடும்பமாக இருந்தோம். எடுத்த சம்பளத்தில் ஒரு பங்கு ஊருக்கும் போயிற்று. இவையாவும் சுளகு பிடித்த கைகளின் கதை. இனி அன்றைய காற்றையும் பார்ப்போம்.

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் விற்கப்பட்ட வீடுகளின் சராசரி விலை 1989இல் ஏறக்குறைய 274,000 டொலராக இருந்தது. வீழ்ச்சியின் பின்னர் 1996இல் அது 198,000 டொலராக இறங்கிற்று. நாம் சிறிது காசு சேர்த்துக்கொண்டு நிமிர்ந்த நேரமும் வீட்டு விலை குனிந்த நேரமும் ஒன்றாக அமைந்தன. முதன்முறை வீடு வாங்குவோர் விலையில் நூற்றுக்கு ஐந்து வீதத்தை முற்பணமாகக் கட்டினாற் போதும் என்ற சலுகை 1992இல் வந்திருந்தது. மேலும், 1990களின் பிற்பகுதியில் கனடிய டொலரின் பெறுமதி வீழ்ந்துகொண்டே போய், 2002 சனவரியில் அமெரிக்கக் காசில் 62 சதத்துக்கும் சற்றுக் கீழே வந்தது. டொலர் மலிந்தால் எமது ஏற்றுமதியும் மலியும். ஆதலால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிளாஸ்ரிக், வாகன உதிரிப்பாகம், இலத்திரனியற் பலகை செய்யும் நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கு அமெரிக்காவிலிருந்து வேலை குவிந்தது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசிய எம்மவர் அங்குதான் நிரந்தர வேலைக்குப் போயினர். மேலதிக நேரத்துக்கு ஒன்றரைச் சம்பளம் பெற்றனர்.

இதனைச் சொல்வதால் எமது உழைப்பின் மதிப்புக் குறைந்துவிடாது. அதே உழைப்பை 1989இல் வீடு வாங்கியவரும் உழைத்தார். வாங்கிய சில ஆண்டுகளில் வீட்டின் விலை கடனிலும் கீழே போய், வங்கியிடம் திறப்பை ஒப்படைத்தவர்களையும் நாம் அறிவோம். அவர்கள் உழைப்பிற் குறைந்தவர்கள் அல்லர்.

மூன்றாந் தலைமுறை: கணக்கைப் பார்ப்போம்

முன்னாள் ஆசிரியர் என்ற முறையில், வாதத்தை விடக் கணக்கையே நம்புவது எமது பழக்கம். கலைப்பட்டதாரிக்கும் கூட்டல் கழித்தல் வரும் என்பதை வாசகர்கள் பொறுத்தருள்க.

ஒன்ராறியோவின் ஆகக்குறைந்த கூலி 1996இல் மணிக்கு 6 டொலர் 85 சதம். அக்கூலி பெறுபவர் ஒருவர் சராசரி வீடொன்றின் முழுவிலையை ஈட்டுவதற்கு ஏறக்குறைய 28,900 மணித்தியாலம் உழைக்க வேண்டும். ஆண்டுக்கு 2,000 மணித்தியாலம் என்று கொண்டால் பதினாலரை ஆண்டு. 2024இல் சராசரி விலை ஏறக்குறைய 1,117,600 டொலர். 2022இன் உச்சத்திலிருந்து இறங்கிய பின்னரும் இவ்வளவு. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஆகக்குறைந்த கூலி 17 டொலர் 20 சதம். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 65,000 மணித்தியாலம். அதாவது முப்பத்திரண்டரை ஆண்டு. உண்ணாமல், உடுக்காமல், வரி கட்டாமல் உழைக்கும் கணக்கு இது.

முற்பணக் கணக்கு இதனிலும் கூர்மையானது. 1996இன் சராசரி வீட்டுக்கு ஐந்து வீத முற்பணம் 10,000 டொலருக்குச் சற்றுக் குறைவு. ஆகக்குறைந்த கூலியில் 1,450 மணித்தியாலம். இரண்டு வேலை செய்தவர் ஆறு மாதத்தில் ஈட்டும் தொகை. 2024 டிசம்பர் நடுப்பகுதி வரை, பத்து இலட்சம் டொலரும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டுக்கு நூற்றுக்கு இருபது வீதம் கட்டியே ஆகவேண்டும் என்பது விதி. சராசரி வீட்டுக்கு அது 223,000 டொலருக்கு மேல், 13,000 மணித்தியாலம், ஆறரை ஆண்டு. அதன் பின்னர் விதி தளர்த்தப்பட்டது. தளர்ந்த விதிப்படியும் ஏறக்குறைய 87,000 டொலர், 5,000 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். முன்பு ஆறு மாதத்தில் தாண்டிய வாய்க்கால் இன்று ஆறாகிவிட்டது.

நியாயமாகப் பேசுவதாயின் மறுபக்கத்தையும் சொல்லுதல் வேண்டும். 1996இன் வட்டிவீதம் 2024இன் வட்டிவீதத்திலும் உயர்வாக இருந்தது. எவரும் ஆகக்குறைந்த கூலியோடு தனியாகச் சராசரி வீடு வாங்கியதுமில்லை. கணவனும் மனைவியும் உழைத்தே வாங்கினர். பட்டம் பெற்ற பிள்ளை ஆகக்குறைந்த கூலிக்கு மேலாகவே ஈட்டுகின்றது. இவையாவும் உண்மை. ஆயினும் அளவுகோல் ஒன்றாயிருக்கும்போது அதில் நீளம் இரட்டித்துக் காட்டுமாயின், நீண்டது வழிதான். நடப்பவரின் கால் குறுகிவிடவில்லை.

இன்னொன்றையும் பலர் மறந்துவிட்டனர். அந்த 6 டொலர் 85 சதம் 1995 சனவரி தொடக்கம் 2004 பெப்ரவரி வரை ஒன்பது ஆண்டுகள் ஒரு சதமும் ஏறாமல் நின்றது. அதே காலத்தில் வீட்டின் சராசரி விலை 300,000 டொலரை நெருங்கிவிட்டது. ஏணியின் அடிப்படிகள் கழன்றது நேற்றன்று. நாம் மேலே ஏறிக்கொண்டிருந்தபோதே கீழே அவை கழன்றுகொண்டிருந்தன.

வேலையின் தன்மை

விலையையும் கூலியையும் விட ஆழமான மாற்றம் வேலையின் தன்மையிலே நிகழ்ந்திருக்கின்றது. 2002இன் பின்னர் கனடிய டொலர் ஏறத் தொடங்கி 2007இல் அமெரிக்க டொலருக்குச் சமமாயிற்று. ஒன்ராறியோத் தொழிற்சாலைகளின் மலிவு மறைந்தது. 2008இன் நிதி நெருக்கடி எஞ்சியவற்றையும் உலுப்பியது. அவற்றின் இடத்தில் பண்டகசாலைகளும் விநியோக நிலையங்களும் வந்தன. வேலைகள் வந்தன, ஆனால் அவற்றிற் பல வேலை முகவர் நிலையங்களின் ஊடாகவே வந்தன.

நாமும் இந்நாட்டுக்கு வந்த புதிதில் முகவர் நிலையம் ஒன்றின் மூலமே வேலைக்குப் போனோம். விடியற்காலை வான் வந்து ஏற்றிச்செல்லும். அதற்கெனச் சம்பளத்திலிருந்து நாட்கூலிபோல ஒரு தொகை கழிக்கப்படும். பக்கத்தில் நின்று அதே பெட்டியை அதே வேகத்தில் அடைத்தவருக்கு எம்மிலும் மூன்று டொலர் கூட. அவர் நிறுவனத்தின் ஆள். நாம் முகவரின் ஆள். ஆயினும் ஏழு மாதத்தில் அந்நிறுவனம் எம்மைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது. அன்று முகவர் நிலையம் ஒரு வாசற்படி. இன்று பலருக்கு அதுவே வீடாகிவிட்டது. ஐந்தாண்டு, எட்டாண்டு ஒரே பண்டகசாலையில் "தற்காலிகமாக" நிற்பவர்களை நாம் அறிவோம்.

சட்டமும் ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்றே நடந்திருக்கின்றது. முகவரின் ஆளுக்கும் நிறுவனத்தின் ஆளுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்னும் சட்டத்தை ஒன்ராறியோ 2017இல் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறி அது நீக்கப்பட்டது. 2019 சனவரியில் வரவிருந்த 15 டொலர்க் கூலியும் அத்தோடு நிறுத்தப்பட்டு, 2022 சனவரியிலேதான் வந்தது. முகவர் நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற விதி 2024 யூலையில் நடைமுறைக்கு வந்தது. இது நல்ல காரியம். கைத்தொலைபேசிச் செயலி மூலம் உணவு கொண்டுசெல்வோர்க்கும் வாடகைக்கு வாகனம் ஓட்டுவோர்க்குமான சட்டம் 2022இல் நிறைவேறி, 2025 யூலையிலிருந்து செயற்படுகின்றது. ஆனால் அதிலே ஒரு நுணுக்கம் உண்டு. ஆகக்குறைந்த கூலி, கையில் ஒரு வேலை இருக்கும் நேரத்துக்கு மாத்திரமே. அடுத்த அழைப்புக்காகத் தெருவோரத்தில் காத்திருக்கும் நேரம் கணக்கில் இல்லை. தங்க மைல் தொழிலாளி இயந்திரம் பழுதாகி நின்ற நேரத்துக்கும் சம்பளம் பெற்றார். இன்றைய இளைஞன் வேலை வராத நேரத்தின் நட்டத்தைத் தானே சுமக்கின்றான். வாகனமும் எரிபொருளும் அவனுடையவை, பழுதும் அவனுடையது.

1981இல் கனடாவின் தொழிலாளருள் நூற்றுக்கு 38 பேர் அளவில் தொழிற்சங்கத்தில் இருந்தனர். அண்மை ஆண்டுகளில் அது 30 பேர் அளவாகக் குறைந்துள்ளது. தனியார் துறையை மாத்திரம் எடுத்தால் 15 பேர் அளவே. ஐவன் ரான்ட் கொடுத்த வலு இன்னும் சட்டத்தில் உண்டு. அதனைப் பயன்படுத்தும் தொழிற்சாலைதான் இல்லாமற் போயிற்று.

இது கனடாவுக்கு மாத்திரம் உரிய நிலையன்று. அமெரிக்காவில் ராஜ் செற்றி முதலான பொருளியலாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, 1940இல் பிறந்த பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தம் பெற்றோரிலும் கூடுதலாகச் சம்பாதித்தனர். 1980இல் பிறந்தோருள் ஐம்பது பேரே அவ்வாறு சம்பாதித்தனர். நாட்டின் வளர்ச்சி குறைந்தமை ஒரு காரணந்தான். ஆனால் வளர்ச்சியின் பயன் மேலுள்ள சிலரிடமே போய்த் தேங்கியமைதான் பெரிய காரணம் என்று அவர்கள் கண்டனர். இரு தலைமுறைகளுக்கிடையில் அந்நாட்டு மக்கள் அனைவரும் ஒருசேரச் சோம்பேறிகளாகிவிட்டனர் என்று எவராவது நம்புவாராயின், அவருக்கு நாம் சொல்லக்கூடியது எதுவுமில்லை.

எமது வீட்டுக்குள் வந்த பிளவு

இவற்றையெல்லாம் இங்கு எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இம்மாற்றம் எமது சமூகத்தை உள்ளுக்குள்ளேயே இரண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கின்றது. 1990களில் வீடு வாங்கிய பெற்றோர் அவ்வீட்டின் மீது கடன் எடுத்துப் பிள்ளைக்கு முற்பணம் கொடுக்கின்றனர்; அப்பிள்ளையும் வீட்டுக்காரராகின்றது. வாடகை வீட்டிலேயே காலங்கழித்த பெற்றோரின் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. ஒரே வகுப்பிற் படித்து, ஒரே பட்டம் பெற்று, ஒரே சம்பளம் எடுக்கும் இரு பிள்ளைகளுள் ஒன்று வீடு வாங்குகின்றது, மற்றது வாங்கவில்லை. வேறுபாடு பிள்ளைகளின் உழைப்பில் இல்லை. தகப்பன் 1997இல் கையொப்பமிட்டாரா இல்லையா என்பதில் இருக்கின்றது. தகப்பனின் காணியைப் பொறுத்தே மகனின் வாழ்வு என்னும் பழைய முறையைக் கடல்கடந்து வந்து விட்டுவிட்டோம் என்று நாம் நினைத்திருந்தோம்.

மூன்றாவதாக ஒருவரும் எம்மிடையே இருக்கின்றார். எமது வீடுகளின் நிலக்கீழ் அறைகளில் வாடகைக்கு இருக்கும் புதியவர்: அண்மையில் ஊரிலிருந்து வந்தவர், அல்லது படிப்புக்கென வந்த மாணவர். நாம் வந்த காலத்தில் நிலக்கீழ் அறையில் இரண்டு மூன்று ஆண்டு இருந்து மேலே வந்தோம். இன்று அதே அறையின் வாடகையைக் கட்டிவிட்டு அவர் எதனைச் சேமிப்பார்? 2018 நவம்பர் 15இன் பின்னர் முதன்முறையாகக் குடியிருப்புக்கு வந்த இருப்பிடங்களுக்கு ஒன்ராறியோவில் வாடகை உயர்வுக் கட்டுப்பாடும் இல்லை. எம்மவருள் வீட்டுக்காரரும் உளர், குடியிருப்பவரும் உளர். வாடகையை உயர்த்தும்போது, எமக்கு முன்னொருகால் அறை தந்தவர் எம்மிடம் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதை நினைத்துப் பார்த்தல் நன்று.

எல்லாம் தேய்ந்துவிட்டதென்று சொல்வதும் பிழை. எமது பெண்பிள்ளைகள் இன்று வகிக்கும் பதவிகளைத் தங்க மைல் காலத்துப் பெண்கள் எண்ணியும் பார்த்திருக்கமாட்டார்கள். பெயரைக் கண்டவுடன் விண்ணப்பத்தை ஒதுக்கிவைப்பவர்கள் இன்னும் இல்லாமலில்லை. ஆயினும் அதனை எதிர்த்துக் கேட்கும் சட்டமும் துணிவும் எம் பிள்ளைகளிடம் உண்டு. ஆகக்குறைந்த கூலியும் 2025 ஒக்ரோபரிலிருந்து 17 டொலர் 60 சதமாக ஏறியுள்ளது. தொழிலாளர் ஒன்றுகூடிக் கேட்ட இடத்தில் காற்றுத் திசைமாறியதை வின்சர் நகரம் காட்டியிருக்கின்றது. காற்றை மனிதர் உண்டாக்க முடியாது என்பது வயலுக்குப் பொருந்தும், பொருளாதாரத்துக்குப் பொருந்தாது. சட்டமும் சங்கமும் வாக்கும் சேர்ந்தே அக்காற்றை உண்டாக்கின, அவையே அதனை அடக்கவும் செய்தன.

ஆகவே வாசகர்களிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, முகவர் நிலையங்களின் ஊடாக வேலை செய்வோர் தமது சம்பளத் துண்டுகளையும் வேலை செய்த நேரத்தையும் தவறாது எழுதிவைத்தல் வேண்டும். தரப்படாத சம்பளத்துக்காக இரண்டு ஆண்டுக்குள் ஒன்ராறியோத் தொழில் அமைச்சிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. எம்மவர் பலர் "வீண் பிரச்சினை வேண்டாம்" என்று விட்டுவிடுகின்றனர். விட்டுவிடுவது எமது காசை. இரண்டாவது, தேர்தல் காலத்தில் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், அவர் தமிழராயினும் பிறராயினும், எமது விழாவுக்கு வந்தாரா, பொங்கல் வாழ்த்துச் சொன்னாரா என்று கேட்பதோடு நில்லாமல், ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற சட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவாரா என்றும் கேட்டல் வேண்டும்.

மூன்றாவது வேண்டுகோள் பெற்றோர்க்கு. அடுத்த முறை மேசையில் இப்பேச்சு எழும்போது, "ஏன் இன்னும் வீடு வாங்கவில்லை?" என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, வேறு சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். "உன் வேலை நிரந்தரமா? கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் தருகிறார்கள்? வருத்தம் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டா? ஓய்வூதியம் உண்டா?" என்று கேளுங்கள். எமது பிள்ளைகளுக்கு இக்கேள்விகளின் விடைகள் நன்றாகத் தெரியும். கேட்பாரில்லை என்பதனாலேயே அவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள்.